கண்ணாடிக் குளம்

கண்ணாடியால் மீன் தொட்டி கட்டுவதற்கு ஐந்து துண்டுகள் போதும். அடித்தளத்திற்கு ஒன்று, நெடும்பக்கங்களுக்கு இரண்டு, குறும்பக்கங்களுக்கு இரண்டு. ஆணி வேண்டாம், திருகு வேண்டாம், இரும்புச் சட்டமும் வேண்டாம். பசை ஒன்றையே பற்றிக்கொண்டு ஐம்பது லிட்டர் நீர் நிற்கும். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆயினும் ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் பகுதியில், குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு அந்த ஐந்து துண்டுகளைத் தொட்டியாக்க மூன்று வாரம் ஆயிற்று. தொட்டியைக் குளமாக்க அதற்கு மேலும் ஆறு வாரம் பிடித்தது.

காஞ்சன்பாக் நகரின் தென்பகுதியில் உள்ளது. பாதுகாப்புத் துறையின் ஆய்வகங்களும், ஏவுகணைகள் செய்யும் பாரத் டைனமிக்ஸ் நிறுவனமும், சிறப்பு உலோகக் கலவைகளை உருக்கும் மிதானி ஆலையும் அங்கே அருகருகே இருக்கின்றன. 1982 ஆம் ஆண்டில் அப்துல் கலாம் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்க வந்ததும் இந்தக் காஞ்சன்பாக்கிற்குத்தான். அவருக்கு முன்னும் பின்னும் வேலை நிமித்தமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியவர்கள் பலர். இக்குடும்பத்தின் தலைவர் அவர்களுள் ஒருவர். தொழில்நுட்பப் பணியாளர்; அம்பாசமுத்திரத்துக்காரர். அவருடைய மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். ஹைதராபாத்திலேயே பிறந்தவள். எதிர்வீட்டில் தெலுங்கும், பள்ளியில் இந்தியும், வீட்டில் தமிழும் பேசுபவள்.

ஊரில் ஆச்சி காலமாகி ஓராண்டு கடந்திருந்தது. தாத்தா தனியே இருந்தார். காஞ்சன்பாக்கிற்கு வந்து தங்கும்படி மகன் பலமுறை அழைத்தும் அவர் இசையவில்லை. சித்திரைத் தொடக்கத்தில் ஒருநாள் பேத்தி தொலைபேசியில் அழைத்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அங்க தண்ணி உண்டா, தாயி?”

“தினமும் குழாயில வருது, தாத்தா.”

மறுமுனையில் பேச்சில்லை. காலையில் தாமிரபரணியிலும் மாலையில் குளத்தங்கரையிலுமாக எழுபது ஆண்டுகளைக் கழித்தவர் அவர். கண்ணுக்கு முன்னே தேங்கி நிற்கும் நீர் உண்டா என்பதே அவருடைய கேள்வி என்று அப்பா பிறகு விளக்கினார். மகள் சிறிது நேரம் யோசித்தாள். “அப்ப நாமளே ஒரு குளம் செய்யலாமாப்பா?” என்றாள். அப்பா சிரித்தார், சிரித்தவாறே அளவுகோலை எடுத்தார். தாத்தாவும் ஒருவாறு இணங்கினார். வைகாசியில் வந்து ஒரு மாதம் இருந்து பார்ப்பதாகவும், மனம் ஒட்டாவிட்டால் திரும்பிவிடுவதாகவும் சொல்லி, திரும்புவதற்கான பயணச்சீட்டையும் முன்கூட்டியே எடுக்கச் செய்தார்.

தொட்டியின் நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 30 என்று முடிவாயிற்று. கண்ணாடியின் தடிமன் 6 மி.மீ. ஐந்து துண்டுகளின் அளவையும் மகளே தாளில் எழுதினாள். குறும்பக்கத்திற்கு 30 செ.மீ. அகலம் என்று குறித்திருந்தாள். அப்பா திருத்தவில்லை, தெர்மாகோலில் ஒரு மாதிரி செய்துபார்க்கச் சொன்னார். குறும்பக்கம் நெடும்பக்கங்களுக்கு இடையில் அடங்காமல் வெளியே துருத்தியது. இரு நெடும்பக்கங்களின் தடிமனைக் கழித்தால் 28.8 செ.மீ. பசைக்கென்று இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் விட்டால் 28.6. இந்தக் கழித்தலைச் செய்யாமல் கடைக்குச் செல்பவர்கள் கண்ணாடியை இருமுறை வாங்குகிறார்கள்.

சந்தோஷ் நகரில் ஒரு கண்ணாடிக் கடை. கடைக்காரர் மேசைமேல் கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை வைத்து, சிறு சக்கரம் பொருத்திய கருவியால் ஒரே இழுப்பாகக் கீறினார். பிறகு கீறலை மேசை விளிம்பிற்கு நேராக வைத்து மெல்ல அழுத்தினார். ‘டக்’கென்ற ஓசையுடன் கண்ணாடி இரண்டாயிற்று. கண்ணாடியை யாரும் அறுப்பதில்லை. எந்த வழியாக உடைய வேண்டும் என்று அதற்கு அடையாளம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஒரே கோட்டின்மேல் இரண்டாம் முறை கீறினால் உடைப்பு வழிதவறும். சிறுமி புதிய விளிம்பைத் தொட விரலை நீட்டியபோது, “நக்கோ பேட்டா, நக்கோ!” என்று கடைக்காரர் பதறினார். ‘வேண்டாம்’ என்பதற்கு ஹைதராபாத்தின் தக்கினி உருதுவில் ‘நக்கோ’ என்பார்கள். பள்ளி இந்தியில் இல்லாத அச்சொல் மராத்தியிலிருந்து தக்கினிக்கு வந்தது. உடைந்த கண்ணாடியின் விளிம்பு கத்தியினும் கூரியது; வீட்டிற்கு வந்ததும் முதல் வேலையாக விளிம்புகளை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டியிருந்தது. நனைப்பதற்குக் காரணம் உண்டு: கண்ணாடித் தூசி பறந்து மூச்சில் ஏறக் கூடாது.

வரும் வழியில் ஒரு சொல்லாராய்ச்சி நடந்தது. இந்தியில் கண்ணாடி ‘காஞ்ச்’ எனப்படுவதால், காஞ்சன்பாக் என்றால் கண்ணாடித் தோட்டமா என்று மகள் கேட்டாள். ‘காஞ்சன்’ என்பது பொன். ‘பாக்’ என்பது தோட்டம் என்றார் அப்பா. அவளுக்கு ஏமாற்றம்தான். பார்க்கும் கண்ணாடி இந்தியில் ‘ஆயினா’, மூக்குக் கண்ணாடி ‘சஷ்மா’. தமிழில் மட்டும் ஏன் மூன்றும் கண்ணாடி என்பது அவளுடைய அடுத்த கேள்வி. ‘ஆடி’ என்பது முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தமிழில் உள்ள பழைய பெயர். அதனோடு கண் சேர்ந்த சொல் எத்தனை பொருள்களைத் தாங்குகிறது என்று அப்பா எண்ணிக்காட்டினார். தெலுங்கில் கண்ணாடிக்கு ‘காஜு’ என்று பெயர், வளையல்களும் ‘காஜுலு’தான். ஆனால் மீன் இடும் ‘தொட்டி’ தமிழிலும் தெலுங்கிலும் தொட்டியே.

பசையிடுவதற்கு முன் இரவு உணவின்போது மகள் ஓர் ஐயத்தை எழுப்பினாள். தொட்டி இன்னும் நீளமாக இருந்தால் கண்ணாடியும் இன்னும் தடிமனாக வேண்டுமா? பலரும் அவ்வாறே எண்ணுகிறார்கள். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. தொட்டியின் நீளம் அதைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஒரு சாண் ஆழமுள்ள ஏரியின் அடியிலும் ஒரு சாண் ஆழமுள்ள குடத்தின் அடியிலும் நீர் ஒரே அளவில்தான் அழுத்தும். ஆனால் கண்ணாடியின் பரப்பு பெருகப் பெருக, அதன்மீது விழும் மொத்த விசையும் பெருகும். நீளமான கண்ணாடி நடுவில் வளையவும் செய்யும். ஆகவே அவளுடைய ஐயம் முழுவதும் பிழையன்று. அப்பா கணக்கிட்டுக் காட்டினார்: தொட்டி விளிம்புவரை நிரம்பினால், ஒவ்வொரு நெடும்பக்கத்தையும் நீர் ஏறத்தாழ 27 கிலோ எடைக்கு ஈடான விசையோடு வெளியே தள்ளும். இரவும் பகலும், ஓய்வின்றி. தள்ளும் நீருக்கும் வீட்டுத் தரைக்கும் இடையில் நிற்பது ஒரு மில்லிமீட்டர் பசை. அன்றிரவு அவள் தொட்டியைச் சற்று மரியாதையோடு பார்த்தாள்.

அந்தப் பசையின் பெயர் சிலிகான். 1960களுக்கு முன்பு இரும்புச் சட்டத்திற்குள் கண்ணாடியைப் பொருத்தி, மக்கு பூசி அடைத்தார்கள். சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து விரியும், நீர் கசியும். சிலிகான் வந்தபின் கண்ணாடியைக் கண்ணாடியோடு நேரே ஒட்ட முடிந்தது. ஆனால் கடையில் கிடைக்கும் எல்லாச் சிலிகானும் தொட்டிக்கு ஆகாது. குளியலறைக்கென விற்பதில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருக்கும். அது நீரில் ஊறி மீனைக் கொல்லும். பொறுமையாக எழுத்துகளைப் படித்து வாங்க வேண்டும். ஞாயிறு காலையில் ஒட்டும் வேலை தொடங்கியது. அப்பா பசையைப் பிதுக்கினார். மகள் கண்ணாடியை நிறுத்திப் பிடித்தாள். மூலைகளை ஒட்டுநாடா இறுக்கியது. சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப்பார்த்து, “எந்த ஊறுகாய் ஜாடியைத் திறந்தீங்க?” என்றார். சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். காடியின் புளித்த மணம் அதனுடையதுதான்.

சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை உண்டுதான் இறுகுகிறது. வெயில் கொளுத்தினால் விரைவாகக் காயும் என்பது பொதுக்கருத்து, உண்மை நேர்மாறானது. சித்திரை மாதத்துத் தக்காணக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. மேற்புறம் இறுகியிருந்தாலும் உட்புறம் இளகியே இருக்கலாம். எனவே ஒரு வாரம் தொடாமல் வைத்தார்கள்.

காத்திருந்த நாள்களில் அப்பா ஒரு படகின் கதையைச் சொன்னார். கலாமின் தந்தை இராமேசுவரத்தில் மரப்படகு ஒன்றைக் கட்டினார். தனுஷ்கோடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச்செல்வதற்காக. சிறுவனாயிருந்த கலாம் அந்தப் படகு உருவாவதை அருகிலிருந்து பார்த்தவர். பின்னாளில் ஒரு புயல் அதைக் கொண்டுபோனதையும் அறிந்தவர். படகுக்காரரின் கவலை நீர் உள்ளே வரக் கூடாது என்பது. தொட்டிக்காரரின் கவலை நீர் வெளியே போகக் கூடாது என்பது. இருவரும் இரவில் எழுந்து போய்த் தடவிப் பார்ப்பது என்னவோ ஓரங்களைத்தான்.

எட்டாம் நாள் பின்கட்டில் தொட்டியை வைத்து, அடியில் செய்தித்தாளை விரித்து, நீர் நிரப்பினார்கள். மூன்று மணி நேரம் தாள் காய்ந்தே இருந்தது. நான்காம் மணியில் ஒரு மூலையில் நாணயமளவு ஈரம் படர்ந்தது. மகள் அதன்மீது இன்னும் கொஞ்சம் பசை பூசிவிடலாம் என்றாள். காய்ந்த சிலிகான்மீது புதிய சிலிகான் நன்றாகப் பற்றாது. பூசினாலும் சில வாரங்களில் உரிந்துவிடும். நீரை இறைத்து, துடைத்து, உட்புற ஓரங்களில் இருந்த பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்து, மறுபடியும் இட வேண்டும். இட்டபின் மறுபடியும் ஒரு வாரம். தாத்தா வரும் நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்த சிறுமியின் கண்கள் கலங்கின. ஆனால் சுரண்டியதில் பாதி அவள் வேலை. இரண்டாம் முறை நிரப்பியபோது தாள் இரண்டு நாளும் காய்ந்தே கிடந்தது.

மீன் விடுவதில்தான் உண்மையான தகராறு மூண்டது. மணல் பரப்பியாயிற்று. குழாய் நீரிலுள்ள குளோரின் பறந்துபோக, ஒருநாள் முழுவதும் வாளிகளில் திறந்து வைத்து ஊற்றியும் ஆயிற்று. நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்நேரியாச் செடிகளையும் நட்டாயிற்று. தாத்தா வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. இன்றே மீன் வாங்க வேண்டும் என்றாள் மகள். ஆறு வாரமாவது ஆகும் என்றார் அப்பா. “தாத்தா வந்து வெறுந் தண்ணியைப் பார்க்கணுமா?” என்று கேட்டுவிட்டு அவள் அன்று மாலை உண்ணவில்லை.

அப்பா சொன்ன காரணத்தை விளங்கிக்கொள்ள லண்டன்வரை செல்ல வேண்டும். அங்கே ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர் 1849 இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 12 கேலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கலம். காஞ்சன்பாக் தொட்டியின் கொள்ளளவும் 60 × 30 × 30 என்ற கணக்கில் அதே 54 லிட்டர்தான். வாரிங்டன் அதில் பாதியளவு நீர் ஊற்றி, இரண்டு சிறிய பொன்மீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் இட்டார். செடி ஆக்சிஜன் தரும், மீன் வாழும் என்பது அவர் எண்ணம். சில நாள்களில் செடியின் பழைய இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கலத்தின் சுவரெங்கும் பச்சைப் படலம் பிடித்தது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவை இட்ட முட்டைகள் மீனுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்குவதை 1850 இல் அவர் எழுதி வெளியிட்டார். 1853 இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு கண்ணாடி மண்டபம் திறக்கப்பட்டது. சென்னை மெரினா கடற்கரையிலும் 1909 இல் மீன் காட்சியகம் ஒன்று எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது.

வாரிங்டனின் கலத்தில் நான்காவதாக இன்னும் ஒரு கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. நுண்ணுயிர்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதன் தீங்கு மிகக் குறைவு, செடிக்கோ அது உணவு. இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டியவர் செர்கே வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர், ஆண்டு 1890. புதுத் தொட்டியின் மணலிலும் கண்ணாடியிலும் அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதற்குமுன் விடப்படும் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். கடையில் வாங்கிய மீன்கள் ஒரு வாரத்தில் செத்து மிதந்தால் மக்கள் மீன் விற்றவரைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் அவசரத்தினுடையது.

நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை வெறும் நீரில் தூவுவது மகளின் பொறுப்பாயிற்று. இல்லாத மீனுக்கு உணவிடுவதைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் நகைத்தார்கள். அழுகும் அவ்வுணவே நுண்ணுயிர்களுக்கு இரை. வாரந்தோறும் சோதனை மருந்துத் துளிகளை இட்டு நீரின் நிறம் பார்த்தாள். மஞ்சளாயின் நலம், பச்சை ஏறினால் அம்மோனியா உண்டு. முதல் இரு வாரமும் பச்சை.

தாத்தா வந்த அன்று நீர் சற்றே பால்போலக் கலங்கியிருந்தது. சிறுமி தொட்டிக்கு முன்னால் மறைத்து நின்றாள். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

“மீன் இன்னும் விடல, தாத்தா. அப்பா விடமாட்டேங்கிறாங்க.”

“புதுசா வெட்டுன குளத்துல எவனாவது மறுநாளே மீன் விடுவானா?” என்றார் அவர். “தண்ணி பழகட்டும், தாயி.”

வாரிங்டனும் வினோகிராட்ஸ்கியும் சொன்னதை அவர் மூன்று சொற்களில் சொல்லிவிட்டார் என்று அப்பா வியந்தார். தாத்தாவுக்கு அதில் வியப்பு ஏதுமில்லை. மறுநாள் முதல் காலைக் காபி தொட்டியருகில் என்றாயிற்று. மீனில்லாத நீரைப் பார்த்தபடியே அவர் மீன்களின் பெயர்களைச் சொன்னார்: கெண்டை, கெளுத்தி, அயிரை, விரால், ஆரால், உளுவை. ஆச்சி அயிரையை மண்சட்டியில் உப்புப் போட்டு உரசிக் கழுவும் முறையையும் சொன்னார். ஆச்சியைப் பற்றி அவர் வாய்திறந்து பேசியது அந்த ஓராண்டில் அதுவே முதல்முறை. பேத்தி பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதினாள். ‘ஆரால்’ என்பதில் எந்த ‘ர’ என்று கேட்டாள். அவர் எழுத்துக்கூட்டிச் சொல்லவில்லை. பாம்புபோல் நெளிந்து சேற்றில் நுழையும் அந்த மீனைக் கையால் காட்டினார். எழுத்தை அம்மா சொன்னார்.

ஆறாம் வாரத்தில் சோதனைத் துளி தொடர்ந்து நான்கு நாள் மஞ்சளாகவே நின்றது. ஐந்து கப்பி மீன்கள் வந்தன. ஆண் இரண்டு, பெண் மூன்று. பொன்மீன் பெரிதாக வளரும். அதற்கு இத்தொட்டி போதாது. கப்பி சிறியது, கடின நீரிலும் செழிப்பது. அதன் பூர்வீகம் டிரினிடாட், வெனிசுவேலாப் பகுதி. டிரினிடாடில் அதைச் சேகரித்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பியின் பெயரே மீனுக்கும் ஆயிற்று. 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டது இதே ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில்தான். கொசுவே பகை என்று தெரிந்தபின், அதன் புழுக்களைத் தின்னும் இச்சிறு மீனை நாடு நாடாகக் கொண்டுசென்றார்கள். கடல் கடந்து வந்து எங்கும் குடியேறிவிட்ட மீன் இது. குடியேறிய இடத்து மீன்களை நெருக்கவும் செய்யும். ஆதலால் மிகுந்த குஞ்சுகளை ஏரியிலோ குளத்திலோ விடலாகாது என்று அப்பா முதல்நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தாத்தா திரும்ப வேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவர் மீன்களை எண்ணினார். “நாலுதான் தெரியுது.” பேத்தி குனிந்து தேடினாள். ஒரு பெண் மீன் செடியின் இலைகளுக்கு இடையில் அசையாமல் நின்றது. வாலை அடுத்த வயிற்றுப் பகுதியில் கரும்புள்ளி ஒன்று பெரிதாகத் தெரிந்தது.

“பிள்ளைத்தாச்சில்லா இது!” என்றார் தாத்தா.

கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சுகளையே ஈனும். சூல்காலம் ஏறத்தாழ நான்கு வாரம். ஈன்ற குஞ்சுகளைத் தாயே தின்றுவிடவும் கூடும். அடர்ந்த செடியிருந்தால் அவை ஒளிந்து பிழைக்கும். இதைக் கேட்டதும் தாத்தா இன்னும் கொஞ்சம் பாசி வாங்கிவரச் சொன்னார். ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணியில் ஆச்சிக்கு நீர்க்கடன் கழிக்க வேண்டும். அதற்குள் ஊர் சேர்ந்தால் போதும் என்றும் சொன்னார். அன்றிரவே அப்பா பயணச்சீட்டின் தேதியை மாற்றினார். பேத்தி குறிப்பேட்டில், உளுவைக்குக் கீழே, புதிய சொல்லை எழுதினாள்: பிள்ளைத்தாச்சி. பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பாசிக் கொத்தை அந்த மீனின் பக்கமாகச் சற்றே நகர்த்தி வைத்தாள்.